தங்கவயலுக்கு விஞ்ஞானிகளை அனுப்பிய டாக்டர் ஹோமி பாபா

பங்காருபேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் போகிறவர்கள் சாம்பியன் ரெயில் நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கத்தில் தங்கம் வெட்டினார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். அதே சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்தியரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் ஒன்றாகச் சேர்ந்து வேறொரு பொருளைத் தேடினார்கள் என்பது தங்கவயலிலேயே பலருக்குத் தெரியாது.

அவர்கள் தேடியது கண்ணுக்குத் தெரியாத, தராசில் நிறுக்க முடியாத ஒரு துகள். அதன் பெயர் நியூட்ரினோ. 1965-ம் ஆண்டில் அது அகப்பட்டது.

அந்த விஞ்ஞானிகளை முதன்முதலில் தங்கவயல் பக்கம் திருப்பிவிட்டவர் டாக்டர் ஹோமி ஜகாங்கீர் பாபா. அணுகுண்டு, அணு உலை என்று பேசும்போது அவர் பெயர் தானாக வந்துவிடும். ஆகவே அந்தக் கதையை இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அவருடைய வாழ்க்கையில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய சங்கதி வேறொன்று இருக்கிறது. அது பணத்தைப் பற்றியது.

படிப்பை முடித்த பையன், வேலைக்குப் போகமாட்டேன், ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னால் அவனுக்கு யார் சோறு போடுவது? நம் வீடுகளில் எழும் இந்தக் கேள்வி பணக்கார வீடான பாபாவின் வீட்டிலும் எழுந்தது.

மைசூர்த் தொடர்பு

ஹோமி பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அதே 1909-ல்தான் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. டாட்டா கொடுத்த சொத்தும் மைசூர் மகாராஜா கொடுத்த நிலமும் சேர்ந்து உண்டான கழகம் அது. பின்னாளில் இந்த இரண்டும் சந்திக்கப்போகின்றன.

குடும்பத்துக்கும் மைசூருக்கும் பழைய தொடர்பு உண்டு. ஹோமியின் பாட்டனார் ஹோர்முஸ்ஜி பாபா, மைசூர் சமஸ்தானத்தில் கல்வி இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவர். தங்கவயலும் அந்த சமஸ்தானத்தைச் சேர்ந்ததுதானே! அவருடைய மகன் ஜகாங்கீர், சீமையில் சட்டம் படித்துவிட்டு பம்பாயில் வக்கீல் ஆனார். அவர்தான் ஹோமியின் தந்தை. மகள் மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மகன் சர் தோராப்ஜி டாட்டாவை மணந்தார். ஆக, டாட்டா இரும்பு ஆலையின் தலைவர் ஹோமிக்கு அத்தை புருஷன்.

அந்த அத்தையிடம் ஒரு வைரம் இருந்தது. ஜூபிலி வைரம் என்று அதற்குப் பெயர். எடை 245 காரட். இப்போது லண்டனில் உள்ள கோஹினூர் வைரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டாட்டா இரும்பு ஆலை நொடித்துப்போகும் நிலைக்கு வந்த காலத்தில், தோராப்ஜி தம் சொத்தோடு இந்த வைரத்தையும் அடகு வைத்துப் பணம் புரட்டினார். 1931-ல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டு தோராப்ஜியும் மறைந்தார். தம் சொத்து ஏறக்குறைய முழுவதையும் அவர் ஒரு தர்ம டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். வைரமும் பிறகு விற்கப்பட்டு அதன் பணம் அந்த டிரஸ்டுக்குப் போயிற்று. மனைவியின் நினைவாக அவர் வைத்த இன்னொரு டிரஸ்ட், ரத்தப் புற்றுநோயை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு எந்த நாட்டவர் என்று பார்க்காமல் உதவி செய்தது.

தந்தையுடன் ஒப்பந்தம்

ஹோமி பள்ளியிலும் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் படித்துவிட்டு 1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். இயந்திர என்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் பொறுப்பேற்கவேண்டும் என்பது தந்தையின் ஏற்பாடு. நல்ல உத்தியோகம், சொந்தக்காரர் ஆலை. எந்தத் தகப்பனார்தான் வேண்டாம் என்பார்?

மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அந்தச் சமயம் ஐரோப்பாவில் பவுதிக சாஸ்திரமே தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தது. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் ஒரு புதுச் செய்தி வரும். கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டும் டிராக்கும் இருந்தார்கள். தமக்கு என்ஜினீயர் வேலை வேண்டாம், பவுதிகம்தான் வேண்டும் என்று ஹோமி 1928-ல் தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

தந்தை கோபித்துக்கொள்ளவில்லை, சம்மதிக்கவும் இல்லை. ஒரு நிபந்தனை போட்டார். முதலில் என்ஜினீயரிங் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறவேண்டும். தேறினால் மேலும் இரண்டு ஆண்டு கேம்பிரிட்ஜிலேயே தங்கி கணிதம் படிக்கப் பணம் அனுப்புவார். 1930-ல் ஹோமி முதல் வகுப்பில் தேறினார். 1932-ல் கணிதத்திலும் முதல் வகுப்பு. அதோடு தந்தையின் பணம் தேவைப்படாமல் போயிற்று.

கண்காட்சி டிக்கெட் பணம்

அங்கிருந்து 1939 வரை, ஏழு ஆண்டுகள், ஹோமி பாபா உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்தார். பார்க்கப்போனால் கணிதம் படிக்கும்போதே என்ஜினீயரிங்குக்காக ஒரு உபகாரச் சம்பளம் வாங்கியிருந்தார். 1932-ல் கிடைத்தது பிரயாண உபகாரச் சம்பளம். கேம்பிரிட்ஜிலேயே உட்கார்ந்திருக்காமல் வெளிநாடுகளில் போய்ப் படித்துவரத்தான் அந்தப் பணம். அதைக்கொண்டு அவர் சுவிட்சர்லாந்தில் பாலியிடமும், ரோமாபுரியில் பெர்மியிடமும், ஹாலந்தில் கிராமர்ஸிடமும் போய்வந்தார். 1934-ல் மூன்று ஆண்டுக்கு ஐசக் நியூட்டன் பெயரிலான உபகாரச் சம்பளம். அதற்கடுத்து 1937-ல் வந்தது, 1851-ம் ஆண்டுக் கண்காட்சியின் பெயரால் வழங்கப்படும் மேல்நிலை உபகாரச் சம்பளம்.

இந்தக் கடைசி உபகாரச் சம்பளத்தின் கதை வேடிக்கையானது. 1851-ல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை கட்டி ஒரு மாபெரும் கண்காட்சி நடத்தினார்கள். சுமார் 60 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் முண்டியடித்த இடங்களில் ஒன்று, பஞ்சாபிலிருந்து சிறிது காலத்துக்கு முன்தான் கொண்டுபோன கோஹினூர் வைரத்தை வைத்திருந்த கூண்டு. எல்லாச் செலவும் போக 1 லட்சத்து 86 ஆயிரம் பவுன் மிச்சமானது. அந்தப் பணத்தைத் தின்று தீர்க்காமல் ஒரு கமிஷன் வைத்து நிலத்தில் போட்டு வளர்த்தார்கள். 1891 முதல் அதன் வருமானத்தில் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நியூசிலாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த ரூதர்போர்டு 1895-ல் கேம்பிரிட்ஜ் வந்தது இந்தப் பணத்தில்தான். நியூட்ரானைக் கண்டுபிடித்த சாட்விக் இளவயதில் பெர்லின் போய்ப் படித்ததும் இதே பணத்தில்தான். நம் நாட்டு வைரத்தைக் காட்டிச் சேர்த்த காசில் ஒரு சிறு பங்கு, 86 ஆண்டு கழித்து ஒரு இந்தியருக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

உபகாரச் சம்பளத்தில் இருந்த அந்த ஏழு ஆண்டுகளில்தான் பாபாவின் பெரிய காரியங்கள் எல்லாம் நடந்தன. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவதற்கு அவர் கணக்குப் போட்டார். அந்தச் சிதறலுக்கு உலகம் முழுவதும் இன்றும் அவர் பெயர்தான். 1937-ல் ஹெய்ட்லர் என்பவரோடு சேர்ந்து காஸ்மிக் கதிர்களின் ரகசியம் ஒன்றை விடுவித்தார். விண்வெளியிலிருந்து வரும் ஒரே ஒரு துகள், மேலே காற்றில் மோதியவுடன் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, தரைக்கு வருவதற்குள் எப்படிப் பெருமழையாகிறது என்று கணக்கால் காட்டினார்.

மேசான் என்ற சொல்லும் 1939-ல் அவர் சொன்ன யோசனைதான். அப்போது மேசான் என்று சொல்லிவந்த துகள்களில் ஒன்றை இப்போது மியூவான் என்கிறார்கள். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். தங்கவயலில் இது மறுபடியும் வரும்.

நம் ராமானுஜனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. மறு ஆண்டு இங்கிலாந்து போக வருடம் 250 பவுன் கொடுத்தது. குமாஸ்தா வேலையிலிருந்து அவரை விடுவித்தது அந்த 75 ரூபாய்தான். அவருக்கு அத்தை வீட்டு வைரம் கிடையாது. கும்பகோணத்துப் பையனுக்கும் பம்பாய்ச் சீமான் வீட்டுப் பையனுக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இருவருக்குமே, வேலைக்குப் போ என்று யாரும் சொல்லாத சில ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஆண்டுகளைத்தான் உபகாரச் சம்பளம் விலைக்கு வாங்கிக் கொடுத்தது.

யுத்தம் மாற்றிய வழி

1939-ல் பாபாவுக்கு லண்டன் ராயல் சொசைட்டியின் நிதியுதவி கிடைத்தது. மான்செஸ்டரில் பிளாக்கெட் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் சேரவேண்டியது. அதற்கு முன் விடுமுறைக்காக பம்பாய் வந்தார். வந்த இடத்தில் செப்டம்பர் மாதம் உலக யுத்தம் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. நிதியுதவி காகிதத்தோடு நின்றது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அப்போது சர் சி.வி.ராமன் பவுதிகப் பேராசிரியர். பாபா அங்கே ரீடராகச் சேர்ந்தார். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கியபோது பணம் கொடுத்தது சர் தோராப்ஜி டாட்டா டிரஸ்ட். யுத்தத்துக்காகப் பெங்களூர் வந்திருந்த அமெரிக்க ராணுவ விமானங்களில் கருவிகளை ஏற்றி, 30 ஆயிரம் அடி உயரம் வரை கதிர்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆமதாபாத் மில் முதலாளி வீட்டுப் பிள்ளையான விக்ரம் சாராபாயும் அப்போது அதே கழகத்தில்தான் காஸ்மிக் கதிர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கான்பூரிலிருந்து வந்த ஹரீஷ் சந்திரா என்ற இளைஞர் பாபாவிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1945-ல் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் போய்ச் சேர்ந்தார். பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற கணித மேதையானார்.

யுத்தம் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் திரும்புவதுதான் பாபாவின் எண்ணமாக இருந்தது. பெங்களூரில் கழித்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறியது. தாம் மட்டும் வெளிநாட்டில் போய் நல்ல வசதியோடு ஆராய்ச்சி செய்வதைவிட, அந்த வசதியை இங்கே உண்டாக்குவது தம் கடமை என்று அவருக்குப் பட்டது. 1943-ல் ஜே.ஆர்.டி.டாட்டாவுக்கு இதுபற்றி எழுதினார். டிரஸ்டுக்கு முறைப்படி மனுப் போடும்படி அவர் யோசனை சொன்னார்.

1944-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி பாபா அந்த மனுவை எழுதினார். டிரஸ்டின் தலைவர் சர் சொராப் சக்லத்வாலாவுக்கு எழுதிய கடிதம் அது. பவுதிகத்தின் அடிப்படை ஆராய்ச்சிக்கு முதல்தரமான நிலையம் ஒன்று வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டைப் பார்த்து நிற்காமல் இங்கேயே ஆட்கள் தயாராக இருப்பார்கள் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்னால் எழுதிய கடிதம் இது என்பதை மறக்கக்கூடாது.

டிரஸ்ட் ஒப்புக்கொண்டது. பம்பாய் மாகாண அரசாங்கமும் பங்கு போட்டது. 1945 ஜூன் மாதம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தொடங்கி, அந்த ஆண்டுக் கடைசியில் பம்பாய்க்கு இடம் மாறியது. பெட்டர் சாலையில் உறவினருக்குச் சொந்தமான பங்களாவின் ஒரு பகுதிதான் முதல் ஆபீஸ்.

சொந்தக்காரர் பணம், சொந்தக்காரர் பங்களா என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். அது நியாயமும்கூட. வேறு வீட்டில் பிறந்த ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் டிரஸ்ட் படித்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான். கல்கத்தா விஞ்ஞானி மேகநாத் சாஹாவின் குறை இன்னும் பெரியது. பல்கலைக்கழகங்களையும் தொழில்களையும் முதலில் வளர்க்காமல், அணு ஆராய்ச்சிக்கென்று தனி அதிகார அமைப்பு உண்டாக்குவது சரியல்ல என்று அவர் வாதாடினார். கல்லூரிகளின் ஆராய்ச்சிக்கூடங்கள் நெடுங்காலம் வறண்டு கிடந்ததைப் பார்த்தால் சாஹா சொன்னதில் உண்மை இருந்தது என்றே சொல்லவேண்டும்.

ஆனால் பணம் கைக்கு வந்த பிறகு பாபா அதைச் செலவு செய்த விதம் வேறு. நாற்காலியைப் போட்டுவிட்டு ஆள் தேடுவது அவர் வழக்கமல்ல. முதலில் ஆளைக் கண்டுபிடிப்பார். பிறகு அவருக்கு வேண்டிய இடமும் பணமும் கொடுப்பார். சென்னையின் பிரபல வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மகன் ராமகிருஷ்ணன், பாபாவின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு மனம் மாறி, 1947-ல் அவரிடம் வந்து சேர்ந்தார். அவர்தான் 1962-ல் சென்னையில் கணித விஞ்ஞான நிலையத்தை ஏற்படுத்தினார். 1957-ல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, பயிற்சிக் காலத்திலேயே இளைஞர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பையனும் அங்கே சேர முடிந்தது.

பாறைக்கு அடியில்

இனி தங்கவயலுக்கு வருவோம்.

வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை காற்றிலேயே சக்தி இழந்துவிடும். ஆனால் மியூவான்கள் மட்டும் தரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கையை விரித்து நீட்டினால், உள்ளங்கை வழியாகச் சுமார் வினாடிக்கு ஒன்று வீதம் ஓசையில்லாமல் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை அடி பாறை இருந்தால் இவை நிற்கும்? இதை அறிய மலையில் ஏறினால் போதாது. ஆழமாக இறங்கவேண்டும். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிறதே!

1951-ல் பாபா, மைசூரில் படித்துத் தம்மிடம் வந்து சேர்ந்திருந்த ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைக் கோலார் சுரங்கத்துக்கு அனுப்பினார். அவர் துகள் எண்ணும் கருவியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி எண்ணினார். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. அதைக்கொண்டே அவர் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த வேலை நின்றுவிடவில்லை. ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாகே என்ற விஞ்ஞானி பம்பாய் வந்து சேர்ந்தார். 1960, 61-ல் அவரும் நரசிம்மம், ரமணமூர்த்தி என்ற இந்தியர்களும் மேலும் மேலும் ஆழமாகப் போய் எண்ணினார்கள். 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு துகள்கூட வரவில்லை!

வேறு யாராக இருந்தாலும் இரண்டு மாதம் வீணாயிற்று என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களுக்கோ அந்த நிசப்தம்தான் பெரிய செய்தியாகப் பட்டது. சந்தைக்கடையில் ரகசியம் பேசினால் காதில் விழாது. ஆள் அரவமற்ற இடத்தில் விழும். மற்ற துகள்கள் ஒன்றுமே வராத இடம் கிடைத்துவிட்டால், வேறெங்கும் பிடிக்க முடியாத நியூட்ரினோவை அங்கே பிடித்துப் பார்க்கலாம் அல்லவா?

நியூட்ரினோவுக்குப் பாறையும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். பூமியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். கோடானுகோடியில் ஒன்று எப்போதாவது பாறையில் உள்ள அணுவில் மோதும். மோதினால் அங்கிருந்து ஒரு மியூவான் புறப்படும். அந்த மியூவானைப் பார்த்தால் நியூட்ரினோ வந்துபோனதை அறிந்துகொள்ளலாம்.

பம்பாய் நிலையத்தில் எம்.ஜி.கே.மேனன் தலைமையில் திட்டம் உருவாயிற்று. ஒசாகாவின் மியாகே ஏற்கனவே கூட இருந்தார். இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்து உல்பெண்டேல் தம் குழுவினரோடு வந்து சேர்ந்தார். துகள் போன பாதையை வெளிச்சம் போட்டுக் காட்டும் நியான் குழாய்களில் கைதேர்ந்தவர்கள் அந்த டர்ஹாம்காரர்கள். அன்னியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய காலம் அது. மூன்று நாட்டுக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து சேர்த்ததால்தான் இது நடந்தது. தனியாக ஒருவர் கையில் எல்லாம் இல்லை. இந்தியா கொண்டுவந்தது என்ன என்று கேட்டால், மூளையோடு கூட, அந்த ஆழத்தையும் சொல்லவேண்டும்.

அந்த ஆழம் யார் உண்டாக்கியது? 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி காலத்திலும், பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்ட காலத்திலும், வடஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியிருந்து, ஷிப்டு ஷிப்டாக இறங்கியவர்கள் உண்டாக்கியது. பாறை வெடிப்பில் போனவர்கள் எத்தனை பேர், தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டவர்கள் எத்தனை பேர் என்று தங்கவயலில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆழத்தில் பாறையே சூடாக இருக்கும். கூண்டு, காற்று, மின்சாரம், தண்ணீர் இறைக்கும் பம்பு இவை சுரங்கத்தில் ஓயாமல் நடந்ததால்தான், விஞ்ஞானியின் கருவியும் அங்கே ஓடியது.

ஹீத்கோட் ஷாப்டு வழியாகக் கருவிகள் இறங்கின. தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோ மீட்டர். ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளை இரண்டு சுவர்போல் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் நியான் குழாய்களை அடுக்கினார்கள். பக்கவாட்டில் வரும் துகளைப் பிடிப்பதற்காக இப்படி. ஏன் பக்கவாட்டில்? நேர் மேலேயிருந்து வருவது, தப்பிப் பிழைத்து வந்த சாதாரண மியூவானாக இருக்கலாம். படுக்கை வசமாக வரவேண்டுமானால் அது பல பத்துக் கிலோ மீட்டர் பாறையைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். எந்த மியூவானாலும் அது முடியாது. ஆகவே படுக்கைக் கோடாக ஒரு பாதை தெரிந்தால், பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்த மியூவான்தான் அது.

மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1965-ம் ஆண்டு முற்பகுதியில் அப்படிப்பட்ட கோடு தெரிந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ தங்கவயலில் தடம் பதித்துவிட்டது!

அதே சமயம் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்ஸ்பர்க் அருகே இன்னொரு தங்கச் சுரங்கத்தில், அமெரிக்க விஞ்ஞானி ரைனஸ் குழுவினரும் இதே வேட்டையில் இருந்தார்கள். அவர்கள் கண்டது பிப்ரவரி 23-ந் தேதி. ஆனால் கோலார்க் குழுவின் கட்டுரை ஆகஸ்டு மாதம் முதலில் அச்சேறியது. அவர்களுடையது சில நாள் கழித்து வந்தது. யார் முந்தி என்று சண்டை போடாமல் உலகம் இருவருக்கும் பெருமை கொடுத்தது. அந்தச் சுரங்கத்திலும் பாறை வெட்டியவர்கள் ஊர் விட்டு ஊர் வந்த கூலிகள்தான்.

கோலார்க் கட்டுரையில் 11 பெயர்கள் இருந்தன. ஐந்து பேர் பம்பாய் நிலையம், நான்கு பேர் டர்ஹாம், இரண்டு பேர் ஒசாகா. தினமும் கூண்டு இறக்கியவர் பெயர் அதில் இல்லை. விஞ்ஞானக் கட்டுரையில் அந்த வழக்கம் இல்லைதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பனிமலையில் முடிவு

பாபாவின் பெயரும் அந்தப் பதினொன்றில் இல்லை. அப்போது அவர் வேறு பாரங்களைச் சுமந்துகொண்டிருந்தார். 1948-ல் அணுசக்தி கமிஷன் அமைந்தது முதல் அதன் தலைவர். 1955-ல் ஜெனீவாவில் அணுசக்தியை ஆக்க வேலைக்குப் பயன்படுத்துவது பற்றி ஐக்கிய நாட்டு சபை கூட்டிய மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1956-ல் அப்சரா அணு உலை. 1960-ல் கனடா உதவியோடு இன்னொன்று. இவ்வளவுக்கும் நடுவில் ஓவியம் தீட்டினார், மேல்நாட்டு சங்கீதம் கேட்டார், கொலாபாவில் கடலோரம் எழுந்த புதிய ஆராய்ச்சி நிலையத்தில் எந்த மரம் எங்கே நிற்கவேண்டும் என்று தாமே பார்த்துப் பார்த்துச் சொன்னார். கலியாணம் செய்துகொள்ளவில்லை.

1966 ஜனவரி 24-ந் தேதி டெல்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவி ஏற்ற அன்று, வியன்னாவில் நடக்கவிருந்த சர்வதேச அணுசக்திக் கூட்டத்துக்குப் போகும் வழியில், பாபா ஏறிச்சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. விமானத்தின் பெயர் காஞ்சன்ஜங்கா. 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாபாவுக்கு வயது 56. டிராம்பே அணு நிலையத்துக்கு மறு ஆண்டு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அவர் ஏற்படுத்திய நிலையத்துக்கு மேனன் தலைவரானார். பின்னர் 1975-ல், கோலாருக்கு முதலில் இறங்கிய அதே ஸ்ரீகண்டன் தலைவரானார். டர்ஹாமின் உல்பெண்டேல் பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசியின் வான சாஸ்திரியானார்.

தங்கவயலில் வேலை நிற்கவில்லை. 1980-ல், அணுவின் கருவில் உள்ள புரோட்டான் என்றைக்காவது அழியுமா என்று பார்க்க 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஆழத்தில் நிறுவினார்கள். அழிந்ததற்கு அடையாளம்போல் சில தடங்கள் தெரிந்ததாகச் சொன்னார்கள். பிற நாட்டுச் சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. அதற்குள் சுரங்கத்தில் தங்கம் அருகி, நஷ்டக் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. சுரங்கம் நடக்காமல் ஆராய்ச்சி மட்டும் நடக்க முடியாது. 1992-ல் ஆராய்ச்சிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சுரங்கமும் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. பம்புகள் நின்றபின் ஷாப்டுகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.